குஜராத்துக்கு ஒரு ட்ரையல் ரன்

எங்கள் வீட்டில் எதையும் ட்ரையல் பார்க்காமல் செய்வதில்லை. நானும் என் மனைவியும் கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வியாதி இது. புதிதாக ஒரு பாகம் லைனுக்கு வருகிறதென்றால் முதலில் கொஞ்சமாக ஓட்டிப் பார்ப்பார்கள். தேறினால்தான் முழு உற்பத்தி. நாங்களும் அப்படித்தான். மிக்சி வாங்கப் போனால் கடையிலேயே உளுந்து போட்டு அரைத்துக் காட்டச் சொல்வோம். பெண்ணைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால், ஸ்கூல் வேன் போகிற வழி முழுக்க ஸ்கூட்டியில் போய்ப் பள்ளம் மேடு பார்த்துவிட்டு வந்தவள் என் மனைவி. அதனால் அவளுக்கு குஜராத்தில் வேலை வந்தபோது, "ஒரு மாசம் இங்கியே குஜராத்ல கீற மாதிரி இருந்து பாக்கலாம் மாமா" என்று அவள் சொன்னது எனக்குக் கிறுக்குத்தனமாகப் படவே இல்லை. நியாயமாகத்தான் பட்டது.

விஷயம் இதுதான். அவள் வல்லம் வடகாலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். அவர்கள் குஜராத்தில் புது ஃபேக்டரி திறக்கிறார்கள். அங்கே புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க இவளைக் கூப்பிட்டார்கள். பதவி பெரிது, சம்பளமும் நன்றாக ஏறும். ஆனால் எனக்கு அங்கே ஒன்றும் கிடையாது. நான் ஒரகடத்தில் பிரேக் தயாரிக்கும் கம்பெனியில் பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தையின் கனம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். வருஷக்கணக்கில் கான்ட்ராக்டில் கிடந்து, சூப்பர்வைசர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. பர்மனென்ட் ஆகி என் யூனிஃபார்மின் நிறம் மாறிய அன்று அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். எனக்குப் பெண் கொடுத்ததே அந்த வார்த்தையைக் கேட்டுத்தான். அதை விட்டுவிட்டு, மனைவி பின்னால் இன்னொரு மாநிலத்துக்குப் போய்ச் சும்மா உட்காருவதா? நினைத்தாலே எனக்கு மண்டை சூடாகிவிடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆடி முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

ஆடியில் எங்கள் ஊரில் யாரும் குடி போக மாட்டார்கள். ஒத்திகைக்கு அதைவிட நல்ல மாதம் ஏது?

சட்டதிட்டங்களை அவளே வகுத்தாள். வடக்குப்பட்டில் இருப்பது எங்கள் சொந்த வீடு. ஆனால் மாதப் பிறப்பன்று வாடகைப் பணத்தை எடுத்து ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டுவிட வேண்டும், யாருக்கோ கொடுத்துவிட்ட மாதிரி. ரேஷன் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. டவுன் பஸ்ஸில் பெண்களிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்குவதில்லை. இருந்தாலும் அவள் இறங்கியதும் அந்தக் காசு சம்படத்துக்குப் போய்விடும். ஊருக்கு வந்து போகிற ரயில் செலவை மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்து அதையும் அதில் போட்டாள். குளிருக்குக் கம்பளி, சுவெட்டர் என்றுகூட ஒரு தொகை. ஆடிக் காற்றில் மண்ணும் லாரிப் புழுதியும் கண்ணை அப்புகிறது, இவள் சுவெட்டருக்குப் பணம் எடுத்து வைக்கிறாள்!

எல்லாவற்றையும்விடக் கொடுமையான சட்டம், அவளுடைய அம்மா வீட்டுச் சாப்பாடு கிடையாது என்பது. வல்லத்தில் இருக்கும் என் மாமியார் வாரம் தவறாமல் மீன் குழம்பு கொடுத்துவிடுவார். ஏரி மீன், மாங்காய் போட்டது. அந்த வாரமும் தூக்கில் வந்தது. என் மனைவி மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். மாமியார் ஃபோன் செய்து கத்தியது எனக்கே கேட்டது. "ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிகீதா? இங்க குந்திகினு குஜராத்தாம் குஜராத்து!" என்றார். நான் மனசுக்குள் அவர் கட்சிதான். குழம்பின் வாசனை தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒடிசாக்காரர் ஒருவர் குடும்பத்தோடு குடியிருக்கிறார். பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இத்தனை நாளாக அவரிடம் வாடகையும் தண்ணீர் மோட்டாரும் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. இப்போது நானும் அவரைப் போல ஆகப் போகிறவன் என்ற நினைப்பில் மாடிக்குப் போய், "அங்க ஊரு உட்டு இங்க வந்தப்ப செலவுதானே பெரிய கஷ்டம்?" என்று கேட்டேன்.

"செலவு பழகிடும் அண்ணா. சண்டேதான் பழகாது."

"ஏன், சண்டேக்கு இன்னா?"

"சண்டே எல்லாரும் சொந்தக்காரங்க வூட்டுக்குப் போவாங்க. நாங்க எங்க போறது? வண்டி எடுத்துகினு சும்மா ரோடு பாக்கப் போவோம்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சொன்னது என்னவென்று ஆடிக் கிருத்திகை அன்று புரிந்தது. வல்லக்கோட்டைக்குக் காவடி தூக்கிக்கொண்டு ஊரே போகிறது. நாங்கள் மட்டும் சட்டப்படி வீட்டுக்குள். மேளச் சத்தம் ரோட்டில் போகப் போக என் பெண் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள்.

"குஜராத்ல முருகர் இல்லியாம்மா?"

"இருப்பாரு. நாமதான் தேடிகினு போவணும்" என்றாள் என் மனைவி. அவள் குரலும் சரியாக இல்லை.

இருந்தாலும் பாதி மாதத்தில் சம்படத்தை நிரப்பியது போகக் கையில் நல்ல பணம் மிச்சம். நாங்கள் இரண்டு பேரும் மலைத்துப் போனோம். இன்னொரு மாநிலத்தில் வாழ்வது இவ்வளவு சுலபமா? தெரியாமல் பயந்துவிட்டோமே என்று எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசையைக் கெடுத்தது பூரி. கேன்டீனில் வரிசையில் நின்று தட்டில் பூரியும் கிழங்கும் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவன் என்மேல் மோதி, "இன்னா தல, நடு வழியில?" என்றான். குஜராத்தில் இந்தப் பூரியை எனக்கு யார் போடுவார்கள்? ட்ரையல் ட்ரையல் என்று குதித்தோமே, காலையும் மதியமும் நான் தின்றது முழுக்கக் கம்பெனிச் சோறு. போனது வந்தது கம்பெனி பஸ். மாதக் கடைசியில் என் சம்பளமும் கணக்கில் விழுந்துவிடும். வேலை இல்லாமல் ஒரு மனிதன் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு, வேலைக்குப் போய்க்கொண்டே ட்ரையல் பார்த்திருக்கிறோம்! காலம் முழுக்கக் கேன்டீனில் தின்று வளர்ந்த எங்களைப் போன்றவர்களைத் தவிர வேறு யார் இப்படி ஏமாறுவார்கள்?

செல்ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் இதை உடனே அவளிடம் சொல்ல முடியவில்லை. ஷிஃப்ட் முடிந்து போய் பஸ் ஸ்டாப்பில்தான் சொன்னேன். நாங்கள் முக்கியமான விஷயங்களைப் பேசுவதே பஸ் ஸ்டாப்பில்தான். பெண் பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிர் ஷிஃப்ட். ஒருவர் இறங்க ஒருவர் ஏற, குழந்தை கைமாறும். குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு வீட்டுச் சாவி கைமாறியது. "மாத்திர குடுத்துட்டேன், பால் வாங்கணும், மோட்டர் நிறுத்தல", அவ்வளவுதான் குடித்தனம். நான் பூரிக் கதையைச் சொன்னதும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ட்ரையல் ரிஜெக்ட் மாமா. நீ லீவு போடு. வேல இல்லாத மாதிரி வூட்ல குந்து, அப்போ பாக்கலாம்."

சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு என் வீட்டுச் சமையலறையில் வெயில் வருகிறது என்று கண்டுபிடித்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த ஜன்னலை வைத்தவனே நான்தான். பகல் ஷிஃப்ட் என்றால் அந்த நேரத்தில் கம்பெனியில் இருப்பேன், இரவு ஷிஃப்ட் என்றால் போர்வைக்குள் இருப்பேன், ஞாயிறு என்றால் மாமியார் வீட்டில் இருப்பேன். வெயில் மெதுவாகத் தட்டு ஸ்டாண்டில் ஏறி, தண்ணீர்க் குடத்தில் பட்டு, கூரையில் ஆடியது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

தெருவில் இறங்கினால் அதுவும் நான் அறியாத ஊர். ஆண் வாசனையே இல்லை. ஆங்காங்கே இரவு வேலை முடித்த வடநாட்டுப் பையன்களின் சட்டைகள் கொடியில் ஆடுகின்றன. ஏரிப் பக்கம் போனால், ஒரு பக்கம் கம்பெனிகளின் நீலக் கூரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை, இந்தப் பக்கம் மிச்சமிருக்கும் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். அவை ஒரு சைரன் சத்தத்துக்குக்கூடத் தலையைத் திருப்பவில்லை. இதெல்லாம் தினமும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் இல்லை.

அடுத்தது என் பெண். பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, "வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரகடம் ரோட்டோரக் கல்வெர்ட்டில் என்னை உட்கார வைத்தாள். மசாலாப் பொரி வாங்கித் தரச் சொன்னாள். அப்புறம் காத்திரு என்றாள். எதற்கென்று கேட்டால், "பஸ்ஸு" என்றாள்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! ஐந்தரை மணிக்கு மேல் ஆரம்பித்தது. ஒரு கேட்டிலிருந்து ஒரு பஸ், அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் எல்லாக் கேட்டிலிருந்தும். வெள்ளை, நீலம், மஞ்சள். காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று போர்டு. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, பச்சைச் சட்டை, தலையில் வலை கட்டியிருந்த அடையாளம் இன்னும் நெற்றியில் இருக்கிற பெண்கள். நடந்து போகிறவர்கள் பேசுகிற பேச்சில் தூத்துக்குடியும் இருந்தது, பீகாரும் இருந்தது, என்னவென்றே தெரியாத பாஷைகளும் இருந்தன. ரோடு ஊர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலமாக இதற்குள்ளேதான் இருந்திருக்கிறேன், ஜன்னல் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டு. நாங்கள் இத்தனை பேர் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இவர்களில் பாதிப் பேர் வேறு ஊரிலிருந்து, வேறு மாநிலத்திலிருந்து வந்து, வாடகை கொடுத்து, கடையில் அரிசி வாங்கி, பிழைத்துக்கொண்டு போகிறவர்கள். நான் ஒரு சம்படத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் எடை பார்த்த காரியத்தை இவர்கள் செய்து முடித்துவிட்டு, ஜன்னலோரம் கண்ணயர்ந்து போகிறார்கள்!

என் கம்பெனி பஸ்ஸும் வந்தது. ஜன்னலிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னா தல, வூட்ல சமையலா? கொழம்புல உப்பு போட்டியா?" என்று கத்தினான். பஸ்ஸே சிரித்தது. நான் கையை ஆட்டினேன். என் பெண்ணும் ஆட்டினாள். அன்றிலிருந்து தினமும் போக ஆரம்பித்தோம்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை அசர வைத்தது என் மனைவிதான். அந்த வாரங்களில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். ஓ.டி., அதாவது ஓவர்டைம், இல்லாத நாளில் மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவாள். நான் சாம்பார் வைத்திருப்பேன். முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இத்த ஊத்தி சாப்பிடறதா, இல்ல கை கழுவறதா?" என்றாள். அடுத்த நாள் கொஞ்சம் கெட்டியாக வைத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் பேச ஆரம்பிப்பாள். பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவளுடைய லைனில் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று துவரம்பருப்பைத் தரையில் வைத்துக் காட்டினாள். புதிதாக வந்த ஒரு பெண் பயத்தில் கை நடுங்கி அழுததையும், இவள் அந்தக் கையைப் பிடித்து முதல் பாகத்தைப் பொருத்த வைத்ததையும் அப்படியே நடித்துக் காட்டினாள். மேனேஜர் நடக்கிற நடையை நடந்து காட்டிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இவள் இப்படிச் சிரிப்பாளா? இந்தப் பெண்ணோடுதான் இத்தனை வருஷம் பஸ் ஸ்டாப்பில் நின்று பால், மாத்திரை, மோட்டார் என்று பேசிக்கொண்டிருந்தேனா? கல்யாணம் ஆன புதிதில்கூட எனக்கு அவள்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஒரு சம்பளத்தில் அந்த நாட்கள் கையைக் கடிக்கத்தான் செய்தன. இந்தத் தடவை சம்படம் நிறைந்தபோது பர்ஸ் காலி. குஜராத்தில் சினிமாவுக்குச் செலவழிக்க முடியாது, சீட்டுக் கட்ட முடியாது, ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்று தெரிந்துவிட்டது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒப்பேற்றிவிடலாம் என்றும் தெரிந்தது. நான் பதிலை மனசுக்குள் தயார் செய்துவிட்டேன். ஆடி முடிய ஒரு நாள் இருக்கும்போது சொல்லி அவளை அசத்த வேண்டும் என்று இருந்தேன்.

அதற்கு முதல் நாள் அவளுக்கு ஓ.டி. சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"இன்னாத்த?"

"குஜராத்த. இன்னிக்கு எச்.ஆர். மேடத்துகிட்ட சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரக் கேட்டு சொன்ன? நான் செத்தா பூட்டேன்? ஒரு வார்த்த கேக்க மாட்டியா நீ?"

அவள் சத்தம் போடவில்லை. "கேக்கணுமா? ஓ.டி. அன்னிக்கெல்லாம் என் பஸ்ஸு அந்த ரோட்லதான் வருது. ஜன்னல்ல பாத்துகினுதான் வரேன். டெய்லி கொழந்தைய சாக்கா இட்டுகினு போயி, உன் கம்பெனி பஸ்ஸப் பாத்துகினு நிக்கிற. அது போவறவரைக்கும் கையத் தூக்கிகினு நிக்கிற. எனக்குத் தெரியாதா? உன் வேலையப் புடுங்கிகினு நான் ஒரு ஊருக்குப் போவணுமா?"

நான் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பக்கம் நான் இவளைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். இவள் அங்கே பஸ் ஜன்னலில் உட்கார்ந்து எனக்காக அழுதிருக்கிறாள். அவள் கண் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"லூசு" என்றேன். "நான் பஸ்ஸுக்கு ஏங்கிகினு நிக்கல. எவ்ளோ ஜனம் பாத்தியா அந்த ரோட்ல? எங்கெங்கருந்தோ வந்து பொழைக்குது. அத்தப் பாக்கத்தான் போறேன். நீ வேற."

"பொய் சொல்லாத."

"சரி, உண்மையச் சொல்றேன். பயமாத்தான் கீது. வேல இல்லாம அந்த ஊர்ல எவனாவது நீ இன்னா பண்றேன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு ரொம்ப பயமா கீது. ஆனா நீ மூணு மணிக்கு வந்து குந்திகினு பேசற பாரு, அத்த வுட்டுட்டு என்னால மறுபடியும் சாவியக் குடுத்துட்டு பஸ் ஏற முடியாது. முடியவே முடியாது. ஃபோனப் போடு, வரோம்னு சொல்லு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடத்துக்கு ஃபோன் போட்டாள். நல்லவேளை, இவள் மறுத்ததை அந்த அம்மா இன்னும் மேலிடத்துக்கு அனுப்பியிருக்கவில்லை.

ஆவணியில் நான் கம்பெனியில் கணக்கு முடித்தேன். கேட்டில் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்தபோது செக்யூரிட்டிக்காரர் வாங்கிக்கொண்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கார்டைக் கொடுத்துவிட்டுப் போகிற எல்லாரையும் கேட்கிற கேள்வியை என்னையும் கேட்டார்.

"எந்தக் கம்பெனிக்கு?"

கூட வேலை செய்தவர்களிடம் அதுவரை ஏதேதோ சொல்லி மழுப்பியிருந்தேன். அவரிடம் மழுப்பத் தோன்றவில்லை. "எந்தக் கம்பெனிக்கும் இல்ல சார். வொய்ஃபுக்கு குஜராத்ல பெரிய வேல கெடச்சிகீது. நான் கூடப் போறேன்."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்டல் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு எத்தினியோ ஊருக்கு மாத்தல் வந்துச்சுப்பா" என்றார். "ஒவ்வொரு வாட்டியும் என் சம்சாரம் டீச்சர் வேலைய உட்டுட்டு எங்கூட வந்தா. எந்த ஊர் ஸ்கூல் கேட்டுலயும் ஒருத்தனும் அவள இந்தக் கேள்வி கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல."

பேசிக்கொண்டே சின்ன கேட்டைத் திறந்துவிட்டார். வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் மனைவி ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் பெண் நின்றிருந்தாள். என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. வண்டிகள் நிற்பதற்காகக் காத்திருந்து, ரோட்டைக் கடந்து போய், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.